வன்னியின் பழைய குடித்தொகையை வயது, பால் வாரியாக வாசிக்கும் முறை

வட இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள மாவட்டமொன்றின் பழைய குடித்தொகையை ஆராய முற்படுபவர், எண்களைக் கூட்டுவதற்கு முன் எல்லைகளைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முல்லைத்தீவு 1970களின் இறுதியில்தான் தனி மாவட்டமாயிற்று. அதன் பெரும்பகுதி 1971 தொகைமதிப்பில் (மக்கள் கணக்கெடுப்பில்) வவுனியாவுக்குள் இருக்கிறது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. ஆகவே மாவட்ட நிரலை அப்படியே எடுத்து ஒப்பிடாமல், மாவட்டத்தின் உட்பிரிவுகளான அக்காலக் காரியாதிகாரி பிரிவுகள், உதவி அரசாங்க அதிபர் பிரிவுகள் வரை இறங்கி, இன்றைய எல்லைக்குள் வருபவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிரிவு மட்டத்தில் வயது அட்டவணை கிடைக்காத ஆண்டுகளில் ஆண், பெண் தொகையோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. மாவட்டத்தின் வயது வீதங்களைப் பிரிவுகளுக்குப் பங்கிட்டுக் காட்டினால் பார்வைக்கு முழுமையாக இருக்கும். ஆனால் அங்கு வாழ்ந்தவர்களைப் பற்றி அது எதையும் சொல்லாது.

அடுத்து பால் விகிதம். இலங்கை அறிக்கைகள் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று கணிக்கின்றன. இந்திய நூல்கள் 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று கணிப்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது. முழு இலங்கைக்கும் இவ்விகிதம் 1946இல் 113 அளவிலும், 1981இல் 104 அளவிலும், 2012இல் 94 அளவிலும் இருந்தது. 1960களின் தொடக்கம் வரை பெண்களின் இறப்பு ஆண்களினதை விட மிகுந்திருந்ததும், வெளியிலிருந்து ஆண் தொழிலாளர் வந்ததும் பழைய உயர்வுக்கு முக்கிய காரணங்கள். எனவே வன்னியின் எண்ணை அதே ஆண்டின் தேசிய எண்ணோடு வைத்தே எடைபோட வேண்டும்.

மொத்த விகிதத்தோடு நின்றுவிடாமல் ஐந்தாண்டு வயதுத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் அதைக் கணியுங்கள். ஆண்களின் மிகை 20 முதல் 44 வயது வரை மட்டும் தென்பட்டால், காடு வெட்டிக் குடியேற வந்தவர்களையும் கூலிக்கு வந்தவர்களையும் முதலில் நினைக்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழேயும் அது இருந்தால், பெண்பிள்ளைகள் பதிவில் விடுபட்டார்களா, கூடுதலாக இறந்தார்களா என்று தேட வேண்டும்.

இவ்விடத்தில் பலர் கவனிக்காத ஒன்று, கணக்கெடுப்பு நடந்த மாதம். பழைய தொகைமதிப்புகள் ஒருவரை அன்றிரவு தங்கிய இடத்திலேயே எண்ணின. 1946, 1953, 1981 ஆகியவை மார்ச்சில் நடந்தன. அது காலபோக (மாரிகால நெல்) அறுவடையை ஒட்டிய காலம் என்பதால் வெளியிலிருந்து அரிவு வெட்ட வந்தவர்களும் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கலாம். 1963 தொகைமதிப்பு ஜூலையில் நடந்தது. அப்போது முல்லைத்தீவுக் கரையோர வாடிகளில் (தற்காலிகக் குடில்களில்) மேற்குக் கரை மீனவர்கள் தங்கித் தொழில் செய்யும் பருவம். கரையோரப் பிரிவில் இளம் ஆண்கள் திடீரென்று மிகுந்திருந்தால், நிரந்தரக் குடியேற்றம் என்று எழுதுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வயது விவரத்தை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதும் அவசியம். பிறந்த ஆண்டு தெரியாதவர்கள் 30, 35, 40 என்று முழு எண்களைச் சொல்வது வழக்கம். 23 முதல் 62 வயது வரையுள்ளோர் 2,000 பேர் என்றும், அவர்களுள் 0 அல்லது 5இல் முடியும் வயதினர் 640 பேர் என்றும் கொள்வோம். 2,000இன் ஐந்தில் ஒன்று 400; 640ஐ 400ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 160 வருகிறது. விப்பிள் சுட்டெண் எனப்படும் இது 100ஐ ஒட்டியிருந்தால் வயதுகள் நம்பத்தக்கவை. 160 என்றால் தனி வயதுகளை விட்டுப் பத்தாண்டுத் தொகுதிகளாக வாசிப்பதே நல்லது. முதியோரிடம் நேரில் விசாரிப்பவர்கள் வயதைக் கேட்காமல், 1957 வெள்ளத்தின்போது பள்ளிக்கூடம் போனீர்களா, 1964 புயலுக்கு முன் கலியாணம் முடிந்துவிட்டதா என்று கேட்டால் நம்பகமான விடை கிடைக்கும்.

பின்னர் ஒரே பிறப்புக் கூட்டத்தைத் தொகைமதிப்புக்குத் தொகைமதிப்பு பின்தொடர வேண்டும். 1971இல் 0–4 வயதினர் 1981இல் ஏறத்தாழ 10–14 வயதினர். அத்தொகுதி குறைவது இயல்பு. கூடினால் மிகையானவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். 1977 வன்செயலின் பின் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. குடும்பமாக வந்தவர்களிடையே ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்தே கூடுவார்கள். தொழிலுக்குத் தனித்து வந்தவர்களின் தடம் அப்படி இராது. 1963க்கும் 1971க்கும் இடையே எட்டு ஆண்டுகளே என்பதால் ஐந்தாண்டுத் தொகுதிகள் பொருந்தா. தனி வயது அட்டவணை தேவைப்படும். 1946இன் கூம்பகத்தில் (வயது, பால் வாரியாக அடுக்கிய வரைபடத்தில்) காணும் பள்ளத்துக்கு 1934–35 மலேரியாக் கொள்ளைநோயை உடனே காரணமாக்கவும் கூடாது. அது மழை மிகுந்த தென்மேற்கு ஈரவலயத்தின் ஓரங்களையே கடுமையாகத் தாக்கியது. வன்னியில் மலேரியா ஆண்டுதோறும் உயிர் வாங்கிக்கொண்டிருந்தது.

மிகக் கடினமான பகுதி 1981க்குப் பிந்தியது. 1991இல் தொகைமதிப்பு நடக்கவில்லை. 2001இல் வன்னி முழுமையாக எண்ணப்படவில்லை. 1981இன் கைக்குழந்தைகளை அடுத்து 2012இல்தான், முப்பது வயது தாண்டியவர்களாகக் காண்கிறோம். அக்கூட்டத்தில் குறைந்தவர்களுள் இறந்தவர்களும், காணாமலாக்கப்பட்டவர்களும், இந்தியாவுக்கும் மேற்கு நாடுகளுக்கும் போனவர்களும், வேறு மாவட்டத்தில் குடியிருப்பவர்களும் உண்டு. தொகைமதிப்பை மட்டும் வைத்து இவர்களைப் பிரிக்க இயலாது. ஒரே தலைப்பின் கீழ் போடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. பாடசாலைச் சேர்வு இடாப்பு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவுகள் ஆகியவற்றில் எவை எஞ்சியுள்ளன என்பதைக் கிராமம் கிராமமாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு காரணத்துக்கும் தனி நிரல் வைத்து, சான்று கிடைத்தவர்களை மட்டும் அதில் சேர்க்க வேண்டும். இடம்பெயர்வின் பின் காலந்தாழ்த்திப் பதியப்பட்ட பிறப்புகள் பல இருப்பதால், பதிவு செய்த ஆண்டை விட்டுப் பிறந்த திகதியையே எடுக்க வேண்டும்.