கற்பனை உலகுக்கு மந்திர வைத்தியர் மரபு அமைப்பது எப்படி

ஃபேன்டஸி கதைகளில் வரும் மந்திர வைத்தியர்கள் பெரும்பாலும் நடமாடும் ஆஸ்பத்திரிகள்தான். கை வைத்தால் காயம் ஆறும், ஊர் கும்பிடும். பயம் வேண்டுமே என்று கறுப்பு அங்கியும் மண்டையோட்டு மாலையும் மாட்டிவிடுவார்கள். அது மேக்கப். கும்பிட வைப்பது எதுவோ, அதுவே நடுங்கவும் வைக்க வேண்டும்.

முதலில் தெய்வம். நோயை ஏவுவதும் எடுப்பதும் ஒரே தெய்வமாக இருக்கட்டும். பழைய எகிப்தில் சிங்கமுக செக்மெட் கொள்ளைநோயை ஏவுபவள். அவளுடைய பூசாரிகளே வைத்தியமும் பார்த்தார்கள். ரிக் வேதத்து ருத்ரன் அம்பெய்து கொல்பவன், வைத்தியர்களில் சிறந்தவனும் அவனே. நம் ஊரில் முத்துப் போட்டால் நோய் என்று சொல்வதில்லை, ‘ஆத்தா இறங்கியிருக்கா’ என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களோ பெரியம்மைத் தெய்வமான சோப்போனாவின் பெயரைச் சொல்லவே அஞ்சினார்கள். உங்கள் உலகிலும் நோய்க்கு ஒரு மறைபெயர் வையுங்கள். உண்மைப் பெயர் கதை முழுக்க இரண்டு இடத்துக்கு மேல் வர வேண்டாம்.

அடுத்து விலை. பெரும்பாலான கதைகள் சறுக்குவது இங்கேதான். எடுத்த நோய் எங்கே போகிறது? ஆட்டுக்கா, மண்பானைக்கா, வைத்தியரின் உடம்புக்கா? ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு: ஒரு வைத்தியரின் உடம்பு ஒரே நேரத்தில் 3 நோய் தாங்கும், ஒவ்வொன்றும் கரைய 9 நாள். 1,000 பேர் வாழும் ஊருக்கு 2 வைத்தியர்கள் என்றால் 6 இடம். 5 நாளில் கொல்லும் காய்ச்சல் 40 பேருக்கு வந்தால் 34 பேரைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். யாரை எடுப்பது என்ற முடிவு அந்த இருவர் கையில். அது போக, ஆறு நோய்களைச் சுமந்துகொண்டு இருவர் தெருவில் நடக்கிறார்கள்; இறக்கிவிட நினைத்தால் யார் மேலும் இறக்கலாம் என்பது ஊருக்குத் தெரியும். இதற்கு மேல் சாபக் காட்சி எதற்கு?

கூலியையும் இரண்டு வரியில் எழுதி வையுங்கள்: நோயாளி பிழைத்தால் வைத்தியருக்கு என்ன கிடைக்கும், செத்தால் என்ன கிடைக்கும். பெரியம்மையில் இறந்தவர்களின் உடைமைகள் சோப்போனா பூசாரிகளுக்குப் போகும் வழக்கம் இருந்தது. நோயைப் பரப்புவதே அவர்கள்தான் என்ற சந்தேகம் எழ, பிரிட்டிஷ் ஆட்சி அந்த வழிபாட்டைத் தடை செய்தது. இரண்டாவது வரி முதல் வரியைவிடக் கனமாக இருந்தால் சந்தேகம் தானாக முளைக்கும்.

சடங்கில் நீளமாக எழுத வேண்டியது குறி பார்க்கும் பகுதி. நோய் இறங்கும் காட்சிக்கு நாலு வரி போதும். சங்கப் பாடல்களில் முருகனின் பூசாரியான வேலன் கழங்குக் காய்களைப் போட்டுப் பார்த்து, மெலிந்த பெண்ணை முருகு பிடித்திருக்கிறது என்பான், மறி (ஆட்டுக்குட்டி) அறுபடும். அவள் மெலிவுக்குக் காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். தப்பான குறியைத் தப்பு என்று சொல்ல முடியாத அந்தச் சங்கடம் உங்கள் கதைக்கும் வேண்டும்.

அன்றாட மரியாதைகளில் இரண்டு மூன்று போதும்: சோறு கொடுத்த பாத்திரத்தைத் திருப்பி வாங்காமை, பிரசவத்துக்கு அழைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு அழைக்காமை. பட்டியல் நீண்டால் அருங்காட்சியகம் ஆகிவிடும்.

செத்தவரை எழுப்பும் வரத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கிரேக்கர்களின் வைத்தியத் தெய்வம் அஸ்க்லீப்பியஸ் அதைச் செய்தான், தெய்வங்களின் அரசன் ஜீயஸ் அவனை இடியால் கொன்றான். சாவு திரும்பிவரும் வழியாகிவிட்டால் வைத்தியரிடம் யாரும் எதையும் இழக்கப்போவதில்லை.

கடைசியாக ஒரு காட்சி எழுதிச் சோதியுங்கள். நள்ளிரவு, காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையோடு ஒரு தாய் வைத்தியர் வாசலில் நிற்கிறாள். வந்ததும் கதவைத் தட்டிவிட்டால் விலையைத் திருத்துங்கள். தட்டாமலே திரும்பிப் போய்விட்டால் தெய்வத்தைத் திருத்துங்கள்.