கைத்துப்பாக்கி வாங்குகிறவர்கள் காலிபரில் கோட்டை விடும் இடங்கள்

தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "9 எம்எம்மா, .45-ஆ?" என்றுதான். காலிபர் என்பது தோட்டாவின் விட்ட அளவு; .45 என்பது அங்குலக் கணக்கு. இரண்டு தோட்டாக்களின் விட்டத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். குறி ஒரு சாண் விலகிவிட்டால் அதனால் என்ன பயன்?

பெரிய தோட்டா ஆளைத் தூக்கி எறியும் என்று நம்புவது சினிமா பார்த்து வந்த தவறு. அப்படி எறியுமானால் சுடுகிறவரும் பின்னால் போய் விழ வேண்டும். தோட்டா எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது என்பதுதான் கணக்கு.

1986-இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள். போதிய ஆழம் போகாத ஒரு 9 எம்எம் தோட்டாமேல் பழி விழுந்தது. அப்புறம் எஃப்.பி.ஐ.யில் 10 எம்எம், பிறகு .40 என்று மாறினார்கள். கடைசியில், 2010-களின் நடுவில், மறுபடி 9 எம்எம்முக்கே வந்தார்கள். தோட்டாவின் வடிவமைப்பு இடையில் நன்றாக மேம்பட்டிருந்தது. உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவது, குறைவாக இருந்தால் பெரும்பாலோர் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

அந்த உதைக்குப் பயப்படுவதில்தான் பாதிப் பேரின் குறி கெடுகிறது. வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் கை தன்னையறியாமல் துப்பாக்கியைக் கீழே அழுத்தும். வலது கைக்காரருக்குத் தோட்டா இடப்பக்கம் தாழ்ந்து போய் விழும். உடனே இலக்குக் கருவியைத் திருகுவார்கள். அதன்மேல் ஒரு குற்றமும் இருக்காது. சுடுதளத்தில் வேறொருவரிடம் சொல்லி, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) இடையிடையே போலித் தோட்டாக்களைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெடிக்காதபோதும் குழல் முனை குனிந்தால் விஷயம் தெரிந்துவிடும். இதற்கு மருந்து வெற்றுப் பயிற்சி: துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான திசையில் பிடித்து, குழல் அசையாமல் விசையை இழுத்துப் பழகுவது. உதை மிகக் குறைந்த .22 துப்பாக்கியும் இதற்கு நல்ல துணை.

மலிவான தோட்டாவில் மட்டுமே பழகிவிட்டு, தற்காப்புக்கு வைத்திருக்கும் ஹாலோ பாயின்ட்டை (முனையில் குழியுள்ள தோட்டாவை) ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்காதவர்களும் உண்டு. சில துப்பாக்கிகளில் அது சிக்கிக்கொள்ளும்.

அப்புறம், சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டித் துப்பாக்கியில் பெரிய காலிபர் தேடுவது. எடை குறையக் குறைய உதை கூடும். அப்படிப்பட்டதைப் பத்து தோட்டா சுட்டதுமே வைத்துவிடத் தோன்றும்; பிறகு பயிற்சி எங்கே நடக்கும்?