நைல் ஆற்றில் பாய்ப்படகில் ஓர் இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்து எகிப்து வரை போய், பிரமிட்டைப் பார்த்த கையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். தெற்கே அஸ்வானில் பெலூக்கா என்றொரு பாய்ப்படகு இருக்கிறது. இயந்திரம் கிடையாது, அறை கிடையாது, கட்டில் கிடையாது. அதில் ஓர் இரவு படுத்தெழும்புவது எப்படி என்று ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் மாதம். ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. யூன், யூலையில் பகல் வெயில் 40 பாகையைத் தாண்டும், வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் இரவு 10 பாகை வரை இறங்கும், அதோடு ஆற்றுக்காற்றும் சேரும். நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிற சுவெட்டரையும் தொப்பியையும் எடுத்து வையுங்கள். விசா அலுவலை இங்கேயே முடித்துவிடுங்கள். கெய்ரோவிலிருந்து அஸ்வானுக்கு இரவு ரயில் இருக்கிறது, விமானமும் இருக்கிறது.

அடுத்தது படகோட்டியோடு பேசுவது. இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. அஸ்வானிலிருந்து வடக்கே கொம் ஓம்போ பக்கம் போகும் படகை நீரோட்டம் முன்னே தள்ளும், காற்று எதிர்த்து நிற்கும், அதனால் படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குறுக்கும் மறுக்குமாகத்தான் போகும். காற்று விழுந்தால் மிதக்கும், அவ்வளவுதான். ஆகவே "இந்த ஊருக்குக் கொண்டுபோய் விடு" என்று பேசாமல், "எத்தனை மணிக்குப் புறப்படுவோம், நாளை எத்தனை மணிக்கு இறக்கிவிடுவாய், இறங்கும் இடத்திலிருந்து வாகனம் யார் பொறுப்பு" என்று பேசுங்கள். சாப்பாடும் குடிதண்ணீரும் விலைக்குள் அடங்குமா, கம்பளி எத்தனை, கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு, எல்லாவற்றையும் கேளுங்கள். படகை நேரில் போய்ப் பார்த்த பிறகு முற்பணம் கொடுங்கள், மீதியை இறங்கும்போது கொடுக்கலாம்.

படகில் ஏறும்போது சப்பாத்தைக் கழற்றிவிடுங்கள். தளம் முழுக்க மெத்தை விரித்திருக்கும், அதுவே இருக்கை, சாப்பாட்டு இடம், படுக்கை. நீர்கொழும்பு ஓருவில் காண்கிற சதுரப் பாய் அல்ல, நீண்ட சாய்ந்த கம்பில் தொங்கும் பெரிய முக்கோணப் பாய். படகோட்டிகளில் பலர் நூபியர்கள், இந்தத் தெற்குப் பக்கத்து மக்கள். படகு திரும்பும்போது படகோட்டியைக் கவனியுங்கள்: கை கயிற்றில் இருக்கும், சுக்கான் தடியைக் காலாலேயே தள்ளிவிடுவார். மாலையில் பாயைச் சுருட்டுவதற்கு ஒருவர் வெறுங்காலோடு அந்தக் கம்பில் ஏறி, மடித்து மடித்துக் கட்டிக்கொண்டே போவார். அந்த நேரத்தில் போனை நோண்டிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்!

சாப்பாட்டில் நம்மாட்களுக்குக் கஷ்டமில்லை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, ரொட்டி, அவரைக்கறி மாதிரியான ஃபூல், எல்லாம் காஸ் அடுப்பில் படகிலேயே ஆகும். மரக்கறிக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் போதும். அப்புறம் செம்பரத்தை இனப் பூவில் போடுகிற சிவந்த கர்கதே, அதைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

இரவில் படகு ஓடாது, கரையில் கட்டிவிடுவார்கள். சின்னப் படகில் கழிப்பறை இராது, பலகையில் இறங்கிக் கரைக்குத்தான் போகவேண்டும். பெண்கள் போகிற குழு என்றால் கழிப்பறையுள்ள துணைப்படகு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். தலையில் கட்டுகிற ரோச், கழிப்பறைக் கடதாசி, நுளம்புக்குப் பூச்சு, ஒரு மெல்லிய பெற்சீற் கட்டாயம். முதலைக்குப் பயப்பட வேண்டாம், அவை அஸ்வான் பெரிய அணைக்குத் தெற்கே நாசர் ஏரியில்தான் இருக்கின்றன. ஆனால் கரையோரம் தேங்கி நிற்கும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள், நத்தை வழியாகப் பரவும் பில்கார்சியா என்ற நோய் இருக்கிறது.

காலையில் தேத்தண்ணி, ரொட்டி. இறங்கும்போது படகோட்டிக்கும் உதவியாளுக்கும் தனித்தனியாகச் சந்தோசம் கொடுங்கள், எகிப்துப் பவுணில் சில்லறையாக வைத்திருந்தால் லேசு. கொம் ஓம்போ பக்கத்தில் இறங்கினால், முதலைத் தெய்வமான சோபெக்குக்கும் வல்லூறுத் தெய்வமான ஹோரஸுக்கும் சரிபாதியாகக் கட்டிய கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, வெயில் ஏறமுதல் பார்த்துவிட்டு வாகனம் ஏறுங்கள்.