ஹாலோவீனுக்கு வீட்டு வாசலில் ஒரு கேலிக் கல்லறைத் தோட்டம்

அமெரிக்காவில் பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 நெருங்கினால் வீட்டு முன் புல்வெளிகளில் கல்லறைகள் முளைக்கும். கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் கற்கள் ஒரு காற்றுக்குத் தாங்காது. நிஜக் கல் ஒன்றிரண்டு, மீதி ஃபோம் என்று கலந்து வைத்தால் நம்பும்படி இருக்கும்.

1. கல் தேடுவது

கல்லறைக் கல் செதுக்கும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். எழுத்துப்பிழை, தேதிக் குழப்பம், உடைந்த மூலை என்று விற்க முடியாமல் போன கல் ஏதாவது இருக்கலாம். ரசீது வாங்குங்கள். கல்லறைத் தோட்டத்தில் சும்மாதானே சாய்ந்து கிடக்கிறது என்று தூக்கி வருவது குற்றம். எங்கிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாத கல்லும் வேண்டாம். பட்டறைக் கல்லிலும் யாரோ ஒருவரின் பெயர் இருக்கும் இல்லையா? அந்தப் பக்கத்தைப் புதர்ப் பக்கம் திருப்பிவிட்டு, நம் கேலியைப் பின்புறத்தில் எழுதுவதுதான் மரியாதை.

2. நடுவது

கிரானைட் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 75 கிலோ. பிள்ளைகள் ஏறினால் சாயக் கூடாது. மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போகட்டும். முடியாவிட்டால் படுக்க வைத்துவிடுங்கள், உடைந்து விழுந்த கல் போல அதுவும் அழகுதான். தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811-ஐ அழையுங்கள். நிலத்தடி கேஸ், மின் இணைப்புகள் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

3. ஃபோம் கற்கள்

வெப்பத்தடுப்புக்காக விற்கும் 2 அங்குல இளஞ்சிவப்பு அல்லது நீல ஃபோம் பலகை போதும். வெள்ளை நிறத்தில் உருண்டை உருண்டையாக உதிர்வதை வாங்காதீர்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தின் பழைய ஸ்லேட் கல்லறைக் கற்களைப் பார்த்து வரையலாம்: நடுவில் அரைவட்டம், இருபுறமும் சின்னத் தோள்கள், உச்சியில் சிறகு முளைத்த மண்டை ஓடு. கத்தியால் வெட்டி, எழுத்துகளை ஆழமாகக் கீறி, விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கவும். சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் ஃபோம் கரைந்துபோகும். தண்ணீர் கலக்கும் பெயின்ட்தான் சரி. சாம்பல் நிறம் காய்ந்ததும் நீர்த்த கறுப்பைப் பூசி, உடனே துணியால் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் அழுக்கு தங்கும். பின்புறம் பிவிசி குழாய் ஒட்டி, தரையில் அடித்த கம்பியில் செருகுங்கள்.

4. வாசகம்

அக்கம்பக்கத்தார் பெயர் வேண்டாம். "அஞ்சே நிமிஷம் என்று படுத்தவர்", "மேனுவலைப் படிக்காமல் பிளக்கைச் சொருகியவர்" போல இருக்கட்டும்.

5. அடுக்குவது

வரிசையாக வைத்தால் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி ஆகிவிடும். சிலதைச் சாய்த்து, இடைவெளியை மாற்றுங்கள். விளக்கைக் கல்லுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் தரையோடு வைத்தால்தான் கீறிய எழுத்து நிழலோடு தெரியும். ஒயரை மட்டும் மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகள் நடக்கும் பாதைக்குக் குறுக்கே விடாதீர்கள்.