கிணற்றடி நிழலில் வெற்றிலைக்கொடி

தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளின் கொல்லையில், தென்னையும் முருங்கையும் மறைப்பதால் வெயில் அதிகம் படாத கிணற்றடி ஒன்று இருக்கும். ஆண்டு முழுதும் ஈரம் காயாத அந்த மண்ணில் பல பூச்செடிகள் நோஞ்சானாகவே நிற்கும். வெற்றிலைக்கோ அதுவே ஏற்ற இடம். மிளகின் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடியைக் கொடிக்கால் (வெற்றிலைத் தோட்டம்) வைத்திருப்பவர்கள் அகத்தி வளர்த்து அதன் நிழலில்தான் ஏற்றுகிறார்கள். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையும் இத்தகைய கொடிக்கால்களில் விளைவதே.

மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் நடுவது நல்லது. நோயில்லாத கொடியின் நுனிப்பக்கத்திலிருந்து நான்கைந்து கணுக்கள் உள்ள துண்டை வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி, அகத்தி அல்லது தென்னையின் அடியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பதிக்கவும். நம் களிமண் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், மணலும் மட்கிய சாணமும் கலந்து மேடு கட்டி, அதன் மேல்தான் நட வேண்டும். கணுக்களில் அரும்பும் பற்றுவேர்கள் மரத்தைப் பிடிக்கும் வரை, கொடியை வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

வெற்றிலைக்கு ஈரம் வேண்டும். தேங்கிய நீர் ஆகாது. இந்த வேறுபாட்டை நான் ஒரு கொடியை இழந்தே கற்றேன். ஓர் ஐப்பசி அடைமழையில் எங்கள் கொல்லையில் மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை. மேலே இலைகள் பசுமை மாறாமல் துவண்டு தொங்கின. தண்டின் அடியை விரலால் தொட்டபோது தோல் கறுத்து வழுக்கிக்கொண்டு கழன்றது, உள்ளே நார் மட்டும் மிஞ்சியிருந்தது. இதுவே வாடல் நோய். ஆகவே புரட்டாசிக்குள் மேட்டைச் சுற்றி வடிகால் வெட்டி, அகத்தியின் கிளைகளைக் கழித்து வெளிச்சமும் காற்றும் புகவிடுங்கள். குளியலறைச் சோப்புநீரை அந்தப் பக்கம் விடவே கூடாது.

நோய் முன்பு வந்த இடமாக இருந்தால், ஐப்பசி முதல் தை வரை மாதம் ஒருமுறை பூஞ்சைக்கொல்லியான போர்டோக் கலவையைக் கால் சதவீத அளவில் வேரடியில் ஊற்றலாம். 2.5 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 2.5 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னோர் அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரமே ஏற்றது. துரு இல்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் நனைத்துப் பாருங்கள். செம்புநிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். வாயில் போடும் இலை என்பதால், இக்கலவை இலைமேல் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது மிகவும் முக்கியம்.

கொடி ஆளுயரம் ஏறியதும் அடியிலிருந்து, சிறிது காம்போடு, நகத்தால் கிள்ளிப் பறிக்கலாம். எட்டாத உயரத்துக்குப் போய்விட்டால் கட்டை அவிழ்த்து மெல்ல இறக்கி, இலை உதிர்ந்த அடிப்பகுதியைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மறுபடி மரத்தில் சாற்றிக் கட்டுங்கள். புதைந்த கணுக்கள் புதிதாக வேர்விட்டு, கொடி மீண்டும் கொழுந்துவிடத் தொடங்கும்.