கின்-கோஹார்ட் முறை: உறவினர் விவரத்திலிருந்து புற்றுநோய் வாய்ப்பைக் கணக்கிடுவது எப்படி?

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் உள்ள பெண்களில் எத்தனை சதவீதம் பேருக்கு 70 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும்? தலைமுறைதோறும் பலருக்கு நோய் கண்ட குடும்பங்களை வைத்து 1990களில் போட்ட கணக்குகள் 80 சதவீதத்தைத் தாண்டின. அது அந்தக் குடும்பங்களுக்குப் பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. வாஷிங்டன் வட்டாரத்தில் தாமாக முன்வந்த 5,000க்கும் மேற்பட்ட அஷ்கனாசி யூதர்களின் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்கள்) ரத்தத்தில் குறிப்பிட்ட மூன்று மாற்றங்களைத் தேடி, 1997இல் வெளியான ஆய்வு சொன்ன விடை 56 சதவீதம். அதன் அடிப்படை கின்-கோஹார்ட் முறை: ஒருவரின் மரபணுவைச் சோதித்து, அவருடைய உறவினர்களின் நோய் விவரத்திலிருந்து வாய்ப்பைக் கணக்கிடுவது.

மரபணுச் சோதனை ஆய்வுக்கு வந்தவருக்கு மட்டும்தான். அவருடைய தாய், சகோதரிகள், மகள்கள் பற்றிய விவரத்தை அவரிடமே கேட்டு வாங்குங்கள்: இப்போதைய வயது அல்லது இறந்த வயது, நோய் வந்ததா, எந்த வயதில் என்பது. தாய்க்கு 52 வயதில் நோய், 71இல் மரணம் என்றால், பதிய வேண்டியது 52, நிகழ்வு 1. அக்காவுக்கு 48 வயது, நோயில்லை என்றால் 48, நிகழ்வு 0. நோய் வருமுன்னே இரு மார்பகங்களையும் அகற்றியவரை அறுவை சிகிச்சை நடந்த வயதிலேயே சென்சார் செய்யுங்கள், அதாவது அந்த வயதோடு, நிகழ்வு 0 என்று பதிவை நிறுத்துங்கள். ஆய்வுக்கு வந்தவரின் சொந்த நோயைக் கணக்கில் சேர்க்கக் கூடாது; அந்த நோயே அவரை ஆய்வுக்கு அழைத்து வந்திருக்கலாம்.

இனி இரண்டு கப்லான்-மெயர் வளைகோடுகள் (ஒவ்வொரு வயதுக்குள்ளும் எத்தனை சதவீதம் பேருக்கு நோய் வந்தது என்று காட்டும் கோடுகள்) வரையுங்கள். மாற்றம் உள்ளவர்களின் உறவினருக்கு ஒன்று (அ), இல்லாதவர்களின் உறவினருக்கு ஒன்று (ஆ). மாற்றம் அரிதாக இருந்தால், முதல் குழுவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அது இருக்கும். இரண்டாம் குழுவில் அநேகமாக யாரிடமும் இருக்காது. ஆகவே மாற்றம் உள்ளவர்களுக்கான வாய்ப்பு = 2 × அ − ஆ. உதாரணமாக, 70 வயதில் அ 30 சதவீதம், ஆ 10 சதவீதம் என்றால் விடை 50 சதவீதம். அந்தச் சமூகத்தில் 40 பேரில் ஒருவருக்கு மாற்றம் இருக்கும் என்ற அளவுக்குப் பரவல் இருந்தால், பாதி, பூஜ்யம் என்ற தோராயத்தை விட்டுவிட்டு மாற்றத்தின் பரவலைச் சேர்த்து இரண்டு சமன்பாடுகளாகத் தீர்ப்பதே சரி.

இந்த முறையின் பெரிய பலவீனம் அந்த ‘2 ×’தான். அ-வில் உள்ள பிழை விடையில் இரட்டிப்பாகிறது. 1997 ஆய்வில் மாற்றம் உள்ளவர்கள் 120 பேர் மட்டுமே. அதனால் 56 சதவீதத்தின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான விடை இருக்கக்கூடிய வரம்பு) 40 முதல் 73 வரை விரிந்தது. இடைவெளியைச் சொல்லாமல் நடு எண்ணை மட்டும் மருத்துவரிடம் கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. மார்பகத்தை அகற்றுவதா வேண்டாமா என்று அந்த எண்ணை வைத்துத்தான் ஒரு பெண் முடிவெடுக்கிறாள்.

இடைவெளிக்கு பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து விடை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது) போடும்போது ஆட்களை அல்ல, குடும்பங்களை முழுதாக மறுதேர்வு செய்யுங்கள். 1,000 சுற்று போதும். ஒரே வீட்டு அக்கா தங்கைகளைத் தனித்தனி ஆட்களாக எண்ணினால் இடைவெளி பொய்யாகச் சுருங்கும்.

சில வயதுகளில் விடைக்கோடு கீழே இறங்குவதையும் பார்ப்பீர்கள். இதுவரை நோய் வந்தவர்களின் விகிதம் வயதோடு குறைய முடியாது. இரண்டு கோடுகளின் வித்தியாசம் என்பதால் வரும் கோளாறு இது. கையால் நேராக்காதீர்கள். கோடு இறங்காதபடி கட்டுப்படுத்தும் மீப்பெரு நிகழ்தகவு மதிப்பீட்டுக்கு (கிடைத்த தரவோடு மிகச் சிறப்பாகப் பொருந்தும் விடையைத் தேடும் முறை) மாறுங்கள்.

குடும்பத்தில் நோய் கண்டவர்களே ஆர்வமாக ஆய்வுக்கு வருவார்கள். அப்போது இரண்டு கோடுகளும் உயரும். இதைக் கண்டுபிடிக்க, ஆ கோட்டை அந்த ஊர் புற்றுநோய்ப் பதிவேட்டின் விகிதத்தோடு ஒப்பிடுங்கள். ஆ தெளிவாக மேலே நின்றால் அ-வும் ஊதியிருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு, தனக்கு நோய் வராத பங்கேற்பாளர்களின் உறவினரை மட்டும் வைத்து மறுபடி கணக்கிட்டு, இரண்டு விடைகளையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள்.