ஏசி சத்தம் போட்டால் உடனே கேஸ் நிரப்பாதீர்கள்

தில்லியில் வெயில் 45 டிகிரியைத் தொடும் மே மாதத்தில்தான் ஏசியும் புதிது புதிதாகச் சத்தம் போட ஆரம்பிக்கும். மெக்கானிக்குகளுக்கும் அப்போதுதான் கிராக்கி. மயூர் விஹார், ஆர்.கே. புரம் பக்கம் நம் தமிழர்கள் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது: வந்தவர் அவசரமாகப் பார்த்துவிட்டு கேஸ் குறைந்துவிட்டது என்பார், நாமும் பணத்தைக் கொடுத்து அனுப்புவோம், ராத்திரி மறுபடி அதே சத்தம்.

இதுதான் முதல் தவறு. ஏசியின் கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது; அதை அடைக்காமல் நிரப்பினால் அதுவும் போய்விடும். கேஸ் குறைந்தால் அறை சரியாகக் குளிராது, உள்ளே காயிலில் ஐஸ் கட்டும், சில சமயம் ‘உஸ்’ என்ற சத்தம் விடாமல் கேட்கும். அறை ஜில்லென்று இருக்கிறது, சத்தம் மட்டும்தான் தொல்லை என்றால் கேஸில் கை வைக்க விடாதீர்கள். இப்போதைய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ் தீப்பற்றக்கூடியதும்கூட. கசிவைப் பழகிய ஆள்தான் சரிசெய்ய வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கவனிக்காமல் ஆளைக் கூப்பிடுவது அடுத்த தவறு. வாடகை வீடுகளில் இருக்கும் விண்டோ ஏசி கடகடவென்று ஆடினால், முன்பக்க கிரில்லையும் பக்கத்து மரச்சட்டத்தையும் உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் தளர்ந்த ஸ்க்ரூதான் காரணம். ஸ்ப்ளிட் ஏசியில் உள்ளே ‘தப் தப்’ என்று கேட்டால் ப்ளோயரில், அதாவது காற்றைத் தள்ளும் உருளை ஃபேனில், தூசி படிந்து எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடிக்கும் ஊரில் இது சகஜம். ஃபில்டரை மட்டும் கழுவினால் போதாது, ப்ளோயரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெளியே ‘டர்ர்’ என்று உரசினால் புறாவைச் சந்தேகப்படுங்கள். வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டி, குச்சி ஒன்று ஃபேன் இறக்கையில் மாட்டியிருக்கும். ஏசியின் மெயின் சுவிட்சை அணைக்காமல் அங்கே கை நீட்டாதீர்கள்.

பயப்படவே வேண்டாத சத்தங்களும் உண்டு. அணைத்ததும் வரும் ‘குளுகுளு’, உள்ளே அழுத்தம் சமமாவது. ‘டிக் டிக்’, பிளாஸ்டிக் சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்குவது. சாயங்காலம் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது வரும் ‘டக் டக்’, பெரும்பாலும் ஸ்டெபிலைசர்.

அப்புறம், மோட்டார் கீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடுவது, ஸ்ப்ரே அடிப்பது. தயவுசெய்து வேண்டாம். இந்த மோட்டார்களின் பேரிங் பெரும்பாலும் சீல் செய்யப்பட்டது. வெளியே விட்ட எண்ணெய் உள்ளே போகாது, தூசியைத்தான் இழுக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. அவுட்டோர் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது, கம்ப்ரசர் ஓடவில்லை. உடனே ரிமோட்டை அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து, போடுவது. இன்வர்ட்டர் வகை அல்லாத ஏசியில் இது பல நேரம், கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெபாசிட்டர் பலவீனமானதன் அடையாளம். கிளம்ப முடியாத கம்ப்ரசர் ஒவ்வொரு முறையும் ஏகப்பட்ட கரண்டை இழுத்துச் சூடாகும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலையை கம்ப்ரசர் மாற்றும் அளவுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களே மூடியைத் திறக்கவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். பிளக் பாயின்ட்டில் ‘சர்ர்’ என்ற சத்தமோ கருகல் வாடையோ வந்தால் யோசிக்காமல் மின் பெட்டியில் ஏசிக்கான எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். முதலில் கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை.

மெக்கானிக் வரும் நேரத்தில் சத்தம் நின்றுவிடுவது வழக்கம். அதனால் கேட்கும்போதே மொபைலில் பதிவு செய்துவையுங்கள்: உள்ளேயா வெளியேயா, போட்டு எவ்வளவு நேரம் கழித்து, கம்ப்ரசர் ஓடும்போதா நின்ற பிறகா. இந்தி சரளமாக வராதவர்களுக்கு அந்த வீடியோவே பேசிவிடும். கெபாசிட்டரோ மோட்டாரோ மாற்றினால் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேஸ்தான் என்று அடித்துச் சொன்னால், ‘கசிவு எங்கே? காட்டுங்கள்’ என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.